இரண்டு பேர் பாரம்

கும்மிடிப்பூண்டி
24.1.77

பச்சையம்மாவுக்குத் திருமலை எழுதுவது.

கால் எப்படி இருக்கிறது? புத்தூருக்குக் கூட்டிப்போய்க் கட்டுப் போட்டார்கள் என்று பொன்னேரி பஸ்ஸில் பார்த்த உங்கள் குப்பத்துச் சடையப்பன் சொன்னான். எந்த எலும்பு, எப்போது கட்டுப் பிரிப்பார்கள் என்று கேட்டால் அவனுக்குத் தெரியவில்லை. நேரில் வந்து பார்க்கலாம் என்றால், உன் அண்ணன் துலுக்காணம் என் நெஞ்சில் கை வைத்துத் தள்ளியதை நீயும்தான் பார்த்தாய். "பொண்ணும் இங்கதான், வண்டியும் இங்கதான். நீ பஸ் புட்ச்சி போய்க்கினே இரு" என்றார். ஊரே நின்று வேடிக்கை பார்த்தது. மறுபடி வந்து தள்ளு வாங்க எனக்குத் தெம்பில்லை. அதனால் எழுதுகிறேன்.

பொங்கலுக்கு மாமியார் வீட்டுக்குப் போனவன் பெண்டாட்டியைக் கீழே தள்ளிக் காலை உடைத்தான் என்று உங்கள் குப்பத்தில் பேசுவது என் காதுக்கும் வந்தது. பிரேக் வைக்கத் தெரியாதவன் என்கிறார்களாம். அன்றைக்குக் காலையில் உங்கள் வீட்டு வாசலில் வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, பின் பிரேக்கை நான்தான் சரிபார்த்தேன். நீ பின்னால் உட்கார்ந்து வருகிறாய் என்று வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடவே முறுக்கினேன். சக்கரத்தைக் கையால் சுற்றினேன், உரசாமல் சுற்றியது. மிதித்தேன், நின்றது. ரோலிங் மில்லில் ஃபிட்டராக இருப்பவன் சொந்த வண்டியின் பிரேக்கை ஏனோதானோ என்று வைப்பானா?

ஏரிக்கரை மேட்டு வளைவில் சேறு இருந்தது. வேகமும் இல்லை. லேசாக மிதித்தேன். தொட்டதுமே பின்சக்கரம் சுற்றாமல் கட்டிக்கொண்டு வழுக்கிவிட்டது. ஏன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். துலுக்காணம் மச்சான் அந்த வண்டியில் இறால் ஏற்றிக்கொண்டு பொன்னேரிக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டேன். என்ன கோளாறு என்று தெரியாமல் அந்த ராஜ்தூத் மோட்டார் சைக்கிளை அவர் ஓட்டக் கூடாது. நான் சொன்னால் வேண்டுமென்றே ஓட்டுவார். நீ சொல்.

இங்கே உன் ஸ்டவ்வை நான் தொடவில்லை. நாஷ்டா, சாப்பாடு எல்லாம் மில் வாசல் கடையில்தான்.

திருமலை


குப்பம், பழவேற்காடு வழி
31.1.77

அன்புள்ள மாமாவுக்கு,

'அன்புள்ள' என்று எழுதியிருப்பதைப் பார்த்து நீங்களாக எதுவும் நினைத்துக்கொள்ள வேண்டாம். கடிதம் என்றால் அப்படித்தான் தொடங்க வேண்டும் என்று எட்டாம் வகுப்பில் சாராள் டீச்சர் பழக்கிவிட்டார். 'நீங்கள்' என்பதும் அவர் பழக்கியதுதான். நேரில் என்றால் இன்னா சொல்லுவேன் என்று உங்களுக்குத் தெரியும்.

கணுக்காலுக்கு மேலே எலும்பு விரிசல் விட்டிருக்கிறது. கட்டுப் போட்டவர் பங்குனியில் நடக்கலாம் என்றார். இதை நீங்கள் கேட்டது நாலு வரி. மிச்சக் கடிதம் முழுக்கப் பிரேக். கால் உடைந்தது வண்டிக்கா எனக்கா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

கோபம் நான் விழுந்ததற்கு இல்லை மாமா. விழாமல் யார் இருக்கிறார்கள். சேற்றில் கிடந்து கண்ணைத் திறந்தேன். உங்கள் முதுகு தெரிந்தது. நீங்கள் குனிந்து வண்டியைத் தூக்கிக்கொண்டிருந்தீர்கள். ஒரு வார்த்தை, 'பச்சை' என்று கூப்பிடவில்லை. நான் உயிரோடு இருக்கிறேனா என்று திரும்பிப் பார்க்கவில்லை. வண்டியை நிமிர்த்தி, தள்ளி நிறுத்தி, அதற்குப் பிறகுதான் என் பக்கம் வந்தீர்கள். ஏரியில் தோணி கவிழ்ந்தால் தோணியை எவனாவது பார்ப்பானா? முடியைப் பிடித்தாவது ஆளைத்தான் முதலில் தூக்குவார்கள். நீங்களும் தோணிக்கார வீட்டுப் பிள்ளைதானே. மில்லுக்குப் போனதும் மறந்துவிட்டதா? இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். பிரேக்கைப் பற்றி எனக்கு ஒன்றும் வேண்டாம்.

அண்ணனிடம் சொன்னேன். "பிரேக்கு சோக்கா கீது. மாப்ளைக்குத்தான் ஓட்டத் தெரியல" என்கிறார். அவர் தனியாகப் போகும்போது ஒரு தொந்தரவும் இல்லையாம். அம்மா வேறு மாதிரி சொல்லுகிறாள். "ஒத்தையா ஏறுனா நிக்குது, நீ ஏறுனா தள்ளுது. அதுக்கு உன்னப் புடிக்கலடி" என்று ஹேண்டில்பாரில் எலுமிச்சம்பழம் கட்டியிருக்கிறாள். ஒரு வண்டிக்குக்கூட என்னைப் பிடிக்கவில்லை என்று நானே சிரித்துக்கொள்கிறேன்.

மாசி மகம் முடிந்து ஊர்க்கூட்டம். என் விஷயத்தை வைக்கச் சொல்லி அண்ணன் தலைவர் அரசப்பனிடம் சொல்லிவிட்டார். புருஷனிடம் போகிறாயா, இங்கேயே இருக்கிறாயா, ஒன்றைச் சொல் என்று கேட்பார்கள். இருக்கிறேன் என்றால் அன்றோடு உறவைத் தீர்த்துவிடுவார்கள். நான் என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியவில்லை. உங்களை மிரட்ட எழுதவில்லை.

பச்சையம்மா


கும்மிடிப்பூண்டி
5.2.77

பச்சையம்மாவுக்கு,

நீ கேட்டதற்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். இரண்டு இன்லண்டை எழுதிக் கிழித்துவிட்டேன். எழுதியதைப் படித்தால் எனக்கே சாக்குச் சொல்வதுபோல இருந்தது. கொஞ்சம் பொறு. எனக்கு வருகிற விஷயத்தை முதலில் எழுதுகிறேன்.

மாமியார் சொன்னதை நீ சிரித்துவிட்டு விட்டாய். நான் சிரிக்கவில்லை. ஒத்தை ஆளுக்கு நிற்கிறது, இரண்டு பேருக்குக் கட்டிக்கொள்கிறது என்பது எலுமிச்சம்பழ விஷயமில்லை. அதுதான் கோளாறு. யாரும் அதை எனக்குச் சொல்லவில்லை, நீதான் முதலில் சொன்னாய்.

வண்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைப் படி. வலது காலால் மிதிக்கிற கட்டையிலிருந்து ஒரு நீளக் கம்பி பின்சக்கரத்துக்குப் போகிறது. அதன் கடைசியில் கையால் திருகுகிற மாதிரி ஒரு நட்டு இருக்கும். மிதித்தால் கம்பி இழுக்கும். கம்பி இழுத்தால் சக்கரத்தின் நடுவில் இருக்கிற டிரம்முக்குள் இரண்டு பிரேக் கட்டைகள் விரிந்து அழுத்தும். கட்டை மேல் ஒட்டியிருக்கிற லைனிங் டிரம்மைப் பிடிக்கும். சக்கரம் நிற்கும். இவ்வளவுதான் பிரேக். நட்டை உள்ளே முறுக்கினால் கம்பி இறுகும், வெளியே திருப்பினால் தளரும்.

மச்சானை வண்டியை ஸ்டாண்டில் ஏற்றச் சொல்லி, பின்சக்கரத்தைச் சுற்றச் சொல். உரசுகிற சத்தம் கேட்கிறதா என்று நீ காது வைத்துக் கேள். பிறகு அவர் இறால் பெட்டியோடு பொன்னேரி போய் இறங்கியதும் டிரம்மின் மேல் விரலால் ஒரு துளி தண்ணீர் தெளித்துப் பார்க்கட்டும். சொய்ங் என்றால் உள்ளே லைனிங் தேய்ந்துகொண்டே போயிருக்கிறது என்று அர்த்தம். தெளிக்கத்தான் சொன்னேன். சூட்டோடு ஊற்றினால் டிரம் வெடித்துவிடும்.

ஊர்க்கூட்டத்தைப் பற்றி எழுதியிருந்தாய். படித்த அன்று மில்லில் எனக்கு வேலை ஓடவில்லை. நீ எதைச் சொன்னாலும் நான் வந்து சண்டை போடமாட்டேன். ஆனால் நீ வரவேண்டும் என்பதுதான் என் ஆசை.

திருமலை


குப்பம்
11.2.77

அன்புள்ள மாமாவுக்கு,

கடைசி மூன்று வரியை முதலில் எழுதியிருக்கலாம். அடுத்த தடவை அப்படி எழுதிப் பழகுங்கள்.

அண்ணனுக்குப் படிக்கத் தெரியாது என்பதால் உங்கள் கடிதத்தை நான்தான் வாசிக்க வேண்டியிருந்தது. வலைக் குவியல் மேல் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டேன். "இவன் இன்னா எனக்கு வாத்தியாரா" என்று முறைத்துக்கொண்டுதான் நின்றார். 'துலுக்காணம் மச்சானுக்கு என் வணக்கம், அவர் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்' என்று நீங்கள் எழுதாததையும் சேர்த்து வாசித்தேன். கொஞ்சம் இறங்கிவந்தார். இனிமேல் நீங்களே எழுதிவிடுங்கள், எனக்குப் பொய் சொல்லும் வேலை மிச்சம்.

ஸ்டாண்டில் ஏற்றிச் சுற்றினோம். உரசவில்லை. நான் காதை ஒட்டி வைத்துக் கேட்டேன். செயின் சத்தம் மட்டும்தான். "பாத்தியா, நான் சொன்னேன்ல" என்று அண்ணன் சிரித்தார்.

மறுநாள் பெட்டி, ஐஸ் எல்லாம் ஏற்றிக்கொண்டு பொன்னேரி போனார். போய்த் தெளித்தாராம். சொய்ங் என்றதாம். நம்பாமல் விரலை வைத்துப் பார்த்திருக்கிறார். இரண்டு விரல் வெந்துவிட்டது. உங்கள் மேல்தான் கோபம், விரலை வைக்காதே என்று நீங்கள் எழுதவில்லையாம். இன்னொன்றும் சொன்னார். போகும்போது வண்டி மாடு மாதிரி இழுத்துக்கொண்டு போகிறதாம், பெட்ரோல் குடிக்கிறதாம். பெட்டியை இறக்கிவிட்டுத் திரும்பும்போது பறக்கிறதாம். இவ்வளவு நாளும் ஐஸ் பாரம் என்று நினைத்துக்கொண்டிருந்தாராம்.

அப்படியென்றால் அதற்கு என்னை மட்டும் பிடிக்காமல் இல்லை, இறாலையும் பிடிக்கவில்லை. அம்மாவிடம் சொன்னேன். எலுமிச்சம்பழத்தை அவிழ்க்க மாட்டேன் என்கிறாள்.

நான் கேட்டதற்குப் பதில் இன்னும் வரவில்லை. சாக்குப்போல இருந்தாலும் பரவாயில்லை, எழுதுங்கள். சாக்கா நிஜமா என்று நான் பார்த்துக்கொள்கிறேன்.

பச்சையம்மா


கும்மிடிப்பூண்டி
16.2.77

பச்சைக்கு,

நீ வரவேண்டும். முதலில் எழுதிவிட்டேன்.

இப்போது பதில். எங்கள் மில்லில் காய்ச்சிய கம்பி ரோலருக்குள் ஓடும். வேலைக்குச் சேர்ந்த அன்றே ஒன்றைச் சொல்லிக் கொடுத்து, தினமும் அதையே சொல்லி மண்டையில் ஏற்றிவிடுவார்கள். யாருக்கு அடிபட்டாலும் ஆளிடம் ஓடாதே, ஸ்விட்சிடம் ஓடு. மெஷின் நின்ற பிறகு ஆளைப் பார். ஆளிடம் ஓடினவனும் சேர்ந்து மாட்டிக்கொள்வான். போன வருஷம் என் கூட வேலை செய்கிற துளசிராமனின் சட்டைக் கை ரோலரில் மாட்டிக்கொண்டது. அவன் அலறினான். அவனுக்கு எட்டடி தள்ளி நின்ற நான் அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடி ஸ்விட்சை இறக்கினேன். அவன் கை இன்னும் அவனிடம் இருக்கிறது.

அன்றைக்கு வண்டி விழுந்தும் என்ஜின் நிற்கவில்லை. கியரில் கிடந்தது. பின்சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. உன் முந்தானை செயின் பக்கம் போய்க்கொண்டிருந்தது. எனக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை. சாவியைத் திருப்பி என்ஜினை நிறுத்தி, சக்கரத்தின் நடுவில் கை கொடுத்து வண்டியை உன்னிடமிருந்து தூக்கித் தள்ளினேன். அப்போதுதான் கை வெந்தது. சைலன்சர் சுட்டுவிட்டது என்று இவ்வளவு நாளும் நினைத்தேன். உன் அண்ணன் விரல் கதையைப் படித்ததும்தான் நான் பிடித்தது சைலன்சரை இல்லை, டிரம்மை என்று உறைத்தது.

உன்னைக் கூப்பிடவில்லை என்பது உண்மை. ஏன் கூப்பிடவில்லை என்று எனக்குத் தெரியவில்லை. வாய் வரவில்லை. அன்றைக்கே இதையெல்லாம் சொல்லியிருக்கலாம். உன் அண்ணன் தள்ளிய பிறகு, சொன்னால் பயந்து சொல்வதுபோல ஆகிவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

இதை மச்சானுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம். அவருக்கு வாசிக்க வேண்டியது இனிமேல் வருவது.

துலுக்காணம் மச்சானுக்கு வணக்கம். பாரம் ஏறினால் மட்டும் பிரேக் ஏன் பிடிக்கிறது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதுவரை அந்த நட்டைக் கொஞ்சம் வெளியே திருப்பித் தளர்த்தி வைக்கவும். கம்பி இழுத்ததும் டிரம் பக்கத்தில் ஒரு சின்ன அச்சு திரும்பும், அது உப்புக் காற்றில் துருப்பிடித்து இறுகியிருக்கலாம். அதற்கு எண்ணெய் விடவும்.

திருமலை


குப்பம்
22.2.77

மாமாவுக்கு,

இந்தத் தடவை 'அன்புள்ள' போடாததற்குக் காரணம் கோபம் இல்லை, அவசரம்.

'எண்ணெய் விடவும்' என்று எழுதினீர்களே, எந்த எண்ணெய், எவ்வளவு என்று எழுதினீர்களா? நான் வாசித்ததும் அண்ணனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "இத்த முன்னாடியே சொல்றதுக்கு இன்னா. உப்புக் காத்துக்கு எண்ண பூசுறது நமக்குத் தெரியாதா" என்று தோணிக்குப் பூசுகிற மீனெண்ணெய்க் குடத்தை எடுத்துவந்துவிட்டார். அச்சில் ஊற்றினார். கம்பிக்குப் பூசினார். சக்கரத்தைக் கழற்றி அந்தக் கட்டைகளுக்கும், டிரம்முக்கு உள்ளேயும் தோணி அடியில் தேய்ப்பதுபோல வழித்து வழித்துத் தேய்த்தார். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். லைனிங் பிடிக்க வேண்டிய இடம் என்று நீங்கள் எழுதியது எனக்கு ஞாபகம் வரவில்லை. வண்டியை நன்றாகக் கவனிக்கிறார் என்று சந்தோஷம்தான் பட்டேன்.

மறுநாள் இரண்டு பெட்டி. ஒன்றைப் பிடித்துக்கொள்ள சடையப்பனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனார். நாம் விழுந்த அதே வளைவு. மிதித்தாராம், மிதித்தாராம், வண்டி பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்ததாம். நேராக ஏரிக்குள். இடுப்பளவுத் தண்ணீர்தான், இருவருக்கும் சிராய்ப்போடு போயிற்று. சடையப்பன் வந்து சொன்னதைக் கேளுங்கள். அவன் சேற்றில் முகம் குப்புற விழுந்து மூச்சுத் திணறி எழுந்து பார்த்தால், அண்ணன் லுங்கியை ஏந்திக்கொண்டு மிதக்கிற இறாலைப் பொறுக்கிக்கொண்டிருந்தாராம். "யோவ், நான் இங்க சாவுறேன்யா" என்று இவன் கத்தினால், "ஐஸ் கரையுதுடா, இரு" என்றாராம்.

அன்று சாயங்காலம் அண்ணன் எதிரில் போய் உட்கார்ந்தேன். சும்மா பார்த்தேன், அவ்வளவுதான். "இன்னா அப்பிடிப் பாக்குற" என்று எழுந்து வெளியே போய்விட்டார்.

வண்டியைக் கரையேற்றிக் கொட்டகையில் நிறுத்தியிருக்கிறார்கள். ஊர்ப் பூனை எல்லாம் பின்சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒன்று டிரம்மை நக்குகிறது. என்ன செய்ய வேண்டும் என்று உடனே எழுதுங்கள். எந்த எண்ணெய், எவ்வளவு, எங்கே தொடக் கூடாது என்பது எல்லாம் எழுதுங்கள். நாங்கள் தோணிக்காரர்கள், எங்களுக்கு எண்ணெய் என்றால் அந்த ஒரு எண்ணெய்தான்.

மில் கதையைப் படித்தேன். திரும்பத் திரும்பப் படித்தேன். வாசித்துக் காட்டவில்லை. நம்ப வேண்டும் என்றுதான் இருக்கிறது. ஆனால் கடிதம் எழுத இவ்வளவு நாள் எடுத்துக்கொண்டால் யாருக்கும் ஒரு நல்ல காரணம் கிடைத்துவிடும் என்று இன்னொரு மனம் சொல்கிறது. அன்று கட்டியிருந்த புடவை ஆகாத புடவை என்று அம்மா துவைக்காமலே மூட்டையாகக் கட்டிப் பரண் மேல் போட்டிருக்கிறாள். மாசி மகத்தன்று கடலில் விட வேண்டுமாம். நான் அதை இன்னும் இறக்கிப் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருக்கிறது மாமா. அதில் ஒன்றும் இல்லாமல் போனால் நான் கூட்டத்தில் என்ன சொல்லுவேன் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் பயம்.

பச்சையம்மா


கும்மிடிப்பூண்டி
27.2.77

பச்சைக்கு,

நீ வரவேண்டும். மச்சானுக்கு அடி அதிகம் இல்லை என்றதும்தான் மூச்சு வந்தது. தப்பு என்னுடையதும்தான். கிரீஸ் என்று எழுதியிருக்க வேண்டும், அதுவும் குந்துமணி அளவு, அந்த அச்சுக்கு மட்டும். எங்கள் வீட்டிலும் அந்தக் குடம் இருந்தது. இத்தனை வருஷத்தில் எனக்கும் மறந்துவிட்டது.

மீனெண்ணெய் ஊறின லைனிங் இனி உதவாது. புதுப் பிரேக் கட்டை ஒரு ஜோடி வாங்கிச் சடையப்பனிடம் கொடுத்திருக்கிறேன். டிரம்மின் உள்பக்கத்தைப் பெட்ரோல் நனைத்த துணியால் வாசம் போகும்வரை துடையுங்கள். அடுப்புப் பக்கத்தில் வேண்டாம். காய்ந்ததும் உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். அதற்குப் பிறகு உள்பக்கத்தையும் லைனிங்கையும் யாரும் விரலால் தொடக் கூடாது. பூனையும்தான்.

இப்போது முக்கியமான விஷயம். பாரம் ஏறினால் ஏன் பிடிக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டேன். துளசிராமனிடமும் இதே ராஜ்தூத் இருக்கிறது. அவனை உட்கார வைத்துவிட்டு நான் தரையில் படுத்துப் பார்த்தேன். ஸ்டாண்டில் இருக்கும்போது பின்சக்கரம் அந்தரத்தில் கீழே தொங்குகிறது. ஆள் உட்கார்ந்தால் ஸ்பிரிங் அமுங்கிச் சக்கரம் மேலே ஏறுகிறது. இரண்டாவது ஆளும் உட்கார்ந்தால் இன்னும் ஏறுகிறது. சக்கரம் ஏறும்போது யாரும் மிதிக்காமலே அந்தக் கம்பி தானாக இழுபடுகிறது. நான் ஸ்டாண்டில் வைத்துச் சரியாக முறுக்கினதெல்லாம் ஆளில்லாத வண்டிக்குத்தான் சரி. தனியாக ஓட்டினால் தெரியாது. நீ உட்கார்ந்ததுமே பிரேக் பாதி பிடித்துவிட்டது. வழியெல்லாம் உரசிச் சூடாகி வந்து, வளைவில் நான் தொட்டதும் கட்டிக்கொண்டது.

உன்னை ஏற்றிப் போவதற்காக முறுக்கினேன், ஆனால் உன்னை ஏற்றாமல் முறுக்கினேன். ஒரு வருஷமாக நம்மிடம் இருக்கிற வண்டி. தரையில் படுத்து ஒரு தடவை பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

அதனால் புதுக் கட்டையை மாட்டிய பிறகும் நட்டைத் தளர்வாகவே விடுங்கள். கடைசி முறுக்கு, ஸ்டாண்டை எடுத்துவிட்டு இரண்டு பேர் மேலே உட்கார்ந்த பிறகு, மூன்றாவது ஆள் கீழே இருந்து வைக்க வேண்டும். ஓட்டுகிறவனும் பின்னால் உட்காருகிறவளும் யாரோ, அவர்கள்தான் உட்கார வேண்டும். வேறு ஆளை உட்கார வைத்தால் பாரம் மாறிப்போகும்.

இதை எழுதும்போது நான் கெட்டிக்காரத்தனமாக ஏதோ சொல்வதாக நினைத்துவிடாதே. கம்பிக்கு இதுதான் முறை. ஆனால் எழுதி முடித்துப் படித்தபோது எனக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

புடவையை இறக்கிப் பார். செயினில் மாட்டியதா, மாட்டும் முன்னே தூக்கினேனா என்று எனக்கே நிச்சயமில்லை. ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். அப்போதும் நான் சொன்னது நிஜம்தான். ஆனால் நீ நம்ப வேண்டும் என்று நான் கேட்க முடியாது.

திருமலை


குப்பம்
7.3.77

அன்புள்ள மாமாவுக்கு,

இந்தத் தடவை டீச்சர் சொல்லிப் போட்டதில்லை.

மாசி மகத்தன்று சாமிகள் எல்லாம் கடற்கரைக்கு வந்து நிற்க, அம்மா அந்த மூட்டையோடு அலைக்கு இறங்கினாள். கடைசி நிமிஷம் வரை நான் சும்மாதான் இருந்தேன். அவள் முழங்கால் தண்ணீருக்குப் போனதும் என்னால் முடியவில்லை. கோலை ஊன்றிக்கொண்டே போய் மூட்டையைப் பிடுங்கிக்கொண்டேன். "ஏண்டி, கட்டு நனையுதுடி" என்று கத்தினாள். ஈர மணலில் உட்கார்ந்து பிரித்தேன். காய்ந்த சேறு மொடமொடவென்று உதிர்ந்தது. முந்தானை ஓரத்தில் ஒரு சாண் நீளத்துக்குக் கருப்பு மசி. செயின் பல் ஒவ்வொன்றாகக் கடித்த தடம், வரிசையாக. கடைசித் தடத்தில் துணி கிழிந்து நின்றிருக்கிறது. அதற்கு மேலே சுத்தம்.

முந்தானை என் கழுத்தைச் சுற்றித்தான் இருந்தது மாமா. காற்றுக்குப் பறக்கிறது என்று நான் அதை அப்படித்தான் சுற்றிக்கொள்வேன். நீங்கள் ஓடியது எதற்கு என்று அந்த மணலில் உட்கார்ந்துதான் தெரிந்தது. நான் அழுதேன். வேண்டுதல் என்று நினைத்து யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் கூட்டம். அரசப்பன் கேட்டார். "இன்னாம்மா, போறியா, இருக்கியா? ஒண்ணு சொல்லு" என்றார். நான் வாய் திறக்கும் முன்னே அண்ணன் எழுந்தார். புடவையை நான் அவரிடம் காட்டியிருந்தேன். மில் கதையையும் வாசித்துக் காட்டிவிட்டேன், நீங்கள் வேண்டாம் என்று சொல்லியும். "தலைவரே, அந்த விசயத்த நான் வாபஸ் வாங்கிக்கறேன்" என்றார். ஏன் என்று கேட்டார்கள். அவருக்குச் சொல்ல வரவில்லை. கூட்டத்தில் இருந்த சடையப்பன், "இறால் பொறுக்குனவரு எப்படிச் சொல்லுவாரு" என்றான். ஊரே சிரித்துவிட்டது. அண்ணனும் தலையைச் சொறிந்துகொண்டே சிரித்தார். அவர் பேரில் நீங்களும் வருத்தம் வைக்காதீர்கள். தள்ளினதற்கு அவர் வாயால் எதுவும் சொல்லமாட்டார். ஆனால் புதுக் கட்டையை மாட்டும்போது என்னை ஒரு வேலையும் செய்ய விடவில்லை. பெட்ரோல் போட்டுத் துடைத்து, மோந்து பார்த்து, மறுபடி துடைத்து, தானே மாட்டினார்.

நான் தலைவரிடம் சொன்ன பதில் இது. "இன்னும் ஒரு நட்டு பாக்கி கீது. அத்த முறுக்காம என்னால ஒண்ணும் சொல்ல முடியாது." அவருக்கு ஒன்றும் புரியவில்லை. சரி சரி என்று அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வாருங்கள். நட்டு நீங்கள் சொன்ன மாதிரி தளர்வாகவே இருக்கிறது. முன்னால் நீங்கள் உட்காருங்கள், பின்னால் நான் உட்காருகிறேன். கட்டுக் காலை நீட்டிக்கொள்ள அண்ணன் ஒரு பலகை வைத்துக் கட்டியிருக்கிறார். கீழே படுத்து முறுக்கப் போவது அவர்தான். எத்தனை சுற்று என்று மேலே இருந்து நீங்கள் சொல்லுங்கள். அவர் முறுக்கி முடித்ததும் என்னை இறங்கச் சொல்லாதீர்கள். துணிமூட்டை என் மடியில்தான் இருக்கும்.

வழியில் மறுபடி விழுந்தால் முதலில் என்ஜினையே நிறுத்துங்கள். இனிமேல் நான் அதற்குக் கோபப்படமாட்டேன். ஆனால் ஓடும்போதே என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள் மாமா. அதற்குக் கை வேண்டியதில்லை.

பச்சை